விசுவாசமும் அறத்தீர்ப்பும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பொருளீட்டுவோர் பலராகவும், ஈட்டிய பொருளில் ஒரு பகுதியைப் பிறருடைய சிந்தனைக்கென்று ஒதுக்கிவைப்போர் மிகச் சிலராகவும் இருக்கிற உலகத்தில், ஆண்டுக்கொருமுறை அறநெறியைக் குறித்து ஒருவர் பேசவும் பலர் அமர்ந்து கேட்கவும் வழிசெய்து மறைந்த பெருந்தகையின் பெயரால் அமைந்த இந்த அறக்கட்டளையில் உரையாற்றும்படி என்னைப் பணித்த குழுவினருக்கு, முதற்கண் என் உளங்கனிந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்ளுகிறேன். கிறிஸ்தவ விசுவாசத்தின் துணைகொண்டு நன்மையையும் தீமையையும் பிரித்தறிவது எவ்வாறு என்பதே நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள். இதை வெறும் தத்துவ விசாரணையாக நடத்திச் செல்லாமல், 18-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் வாழ்ந்த ஜான் வுல்மன் என்னும் தையற்காரருடைய வாழ்க்கையை நடுவில் வைத்து விளக்க விரும்புகிறேன். அறத்தைப் பற்றிய கோட்பாடுகள் எத்தனை இருந்தாலும், அவை யாவும் ஒரு மனிதன் செய்வதா விடுவதா என்று தயங்கி நிற்கும் ஒரு கணத்திலேதான் பரீட்சிக்கப்படுகின்றன.

1. அறியாமையா, மறைப்பா?

சாலொமோன் அரசனாகப் பட்டமேற்ற புதிதில், கிபியோனில் கர்த்தர் அவனுக்குச் சொப்பனத்திலே தரிசனமாகி, வேண்டுவதைக் கேள் என்று சொன்னபோது, அவன் நீடித்த ஆயுளையோ, ஐசுவரியத்தையோ, சத்துருக்களின் பிராணனையோ கேளாமல், நன்மை தீமையை வகையறுத்து நியாயம் விசாரிக்கத்தக்க இருதயத்தைக் கேட்டான் என்று வேதாகமம் கூறுகிறது. இதில் நாம் நின்று கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. மோசே கொண்டுவந்த பத்துக் கட்டளைகள் உடன்படிக்கைப் பெட்டியிலே இருந்தன; நியாயப்பிரமாணத்தைக் கற்ற ஆசாரியர்கள் அரண்மனையைச் சூழ்ந்திருந்தனர். கட்டளை கையிலிருக்கும்போது வகையறுக்கும் இருதயம் எதற்கு? களவு தீது என்பதை அறியாத கள்வன் ஒருவனும் இல்லை. ஆயினும் தான் செய்வது களவுதான் என்பதை ஒப்புக்கொள்ளாத கள்வர்களால் உலகம் நிறைந்திருக்கிறது. கட்டளையை அறிவது ஓர் அறிவு. அக்கட்டளை இப்போது, இவ்விடத்தில், என்னைப் பார்த்துப் பேசுகிறது என்பதை அறிவது வேறோர் அறிவு. சாலொமோன் கேட்டது இரண்டாவதையே.

இந்த இரண்டாவது அறிவு எவ்வளவு அரிது என்பதைச் சாலொமோனுடைய தந்தையின் சரித்திரமே காட்டுகிறது. உரியாவின் மனைவியை அபகரித்து, உரியாவைப் போர்முனையில் சாகும்படி ஏற்பாடு செய்து, பின்பு ஒன்றும் நடவாததுபோல் சிங்காசனத்தில் வீற்றிருந்த தாவீதினிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஒரு வழக்கைச் சொன்னார். ஒரு பட்டணத்தில் இரண்டு மனிதர். ஒருவனுக்கு ஆடுமாடுகள் வெகு திரள். மற்றவனுக்கோ விலைகொடுத்து வாங்கி வளர்த்த ஒரே ஒரு சிறு ஆட்டுக்குட்டி. அது அவன் பிள்ளைகளோடு வளர்ந்து, அவன் உண்ணும் கவளத்தில் உண்டு, அவன் பாத்திரத்தில் குடித்து, மகளைப்போல அவன் மடியிலே படுத்திருந்தது. ஐசுவரியவான் தன்னிடம் வந்த விருந்தாளிக்குத் தன் மந்தையில் ஒன்றை அடிக்க மனமில்லாமல் ஏழையின் குட்டியைப் பிடித்துச் சமைத்தான். இதைக் கேட்ட மாத்திரத்தில் தாவீதுக்குக் கோபம் மூண்டது. அப்படிச் செய்தவன் சாகத்தக்கவன் என்றும், குட்டிக்கு நாலத்தனை கொடுக்கவேண்டும் என்றும் ஒரு வினாடியும் தயங்காமல் தீர்ப்பளித்தான். அம்மனிதன் நீயே என்று நாத்தான் சொன்ன பிறகுதான் அவன் கண் திறந்தது.

தாவீதினிடம் அறிவுக்குக் குறைவில்லை, அறச்சினத்துக்கும் குறைவில்லை. பிறனொருவனுடைய வழக்கு என்று எண்ணியவரையில் அவனுடைய தீர்ப்பு அப்பழுக்கற்றதாயிருந்தது. படிக்கற்கள் யாவும் சரியான எடையுள்ளவையாயிருந்தும், தராசின் முள் முன்னதாகவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், எத்தனை முறை நிறுத்தாலும் நிறை பிழையாகத்தானே முடியும்? நமக்குக் கற்பிக்கப்பட்ட நீதிகள் படிக்கற்கள். அவற்றில் பெரும்பாலும் கோளாறில்லை. முள்ளைச் சாய்ப்பது நம்முடைய சுயம். ஆகையால், நன்மை தீமையை அறிவது எப்படி என்னும் கேள்வி, ஆராயுமிடத்து, அவற்றை நம் கண்ணுக்கு மறைப்பது எது, அந்த மறைப்பை நீக்குவது எப்படி என்னும் கேள்வியாகவே முடிகிறது.

மறைப்பவை இரண்டு என்பது என் துணிபு. ஒன்று சுயலாபம், ஒரு தீமையினால் நமக்கு வருவாயோ, வசதியோ, மதிப்போ கிடைக்குமானால், அது தீமையாகத் தோன்றாமலே போகிறது. மற்றொன்று சுயநீதி, நாம் நல்லவர்கள் என்னும் எண்ணத்தை இழக்க அஞ்சுகிற காரணத்தால், நம் செயலைக் குற்றமென்று சொல்லும் சாட்சிகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிவிடுகிறோம். விசுவாசம் இவ்விரண்டோடும் போராடுகிற விதத்தைத்தான் இனி நாம் காணப்போகிறோம்.

2. ஒரு கிரயப் பத்திரம்

ஜான் வுல்மன் 1720-இல் நியூ ஜெர்ஸியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய குடும்பத்தார் நண்பர் சபை எனப்படும் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர்கள், குருமாரோ சடங்குகளோ இன்றி, மௌனமாய்க் கூடியிருந்து, ஒவ்வோர் ஆத்துமாவிலும் கடவுளின் ஒளி பேசும் என்று நம்பிக் காத்திருப்பவர்கள், போரை மறுப்பவர்கள், வியாபாரத்தில் ஒரே விலை சொல்லுபவர்கள். இத்தனை நேர்மையுள்ள அச்சபையாரிடத்திலும் அக்காலத்தில் ஆப்பிரிக்க அடிமைகள் இருந்தார்கள் என்பதை இங்கே மறவாமல் குறித்துக்கொள்ளவேண்டும்.

இருபது வயதைக் கடந்த நிலையில் மவுண்ட் ஹோலி என்னும் ஊரில் ஒரு கடைக்காரரிடம் வுல்மன் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்திருந்தார். ஒருநாள் எசமானர் தம்மிடமிருந்த ஒரு நீக்ரோப் பெண்ணை விற்று, கிரயப் பத்திரத்தை எழுதும்படி இவரைப் பணித்தார். வாங்கியவர் பத்திரத்துக்காகக் காத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். ஆலோசிக்க அவகாசமில்லை. சகமனிதப் பிறவி ஒன்றை அடிமையாக்கும் பத்திரத்தை எழுதுகிறோமே என்று உள்ளம் உறுத்தியது. ஆனால் ஆண்டுச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவன் நான், கட்டளையிடுபவர் என் எசமானர், வாங்குகிறவரோ நம் சபையைச் சேர்ந்த வயதுமுதிர்ந்த பெரியவர் என்ற மூன்று நினைவுகள் அடுத்தடுத்து எழுந்தன. எழுதிக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது மனவேதனை தாளாமல், அடிமைகளை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று நான் நம்புகிறேன் என்பதை எசமானருக்கும் அந்தப் பெரியவருக்கும் முன்பாகவே சொல்லிவிட்டார். அதனால் மனம் சற்று ஆறியது; எனினும், எழுதுவதிலிருந்து என்னை விடுவிக்கும்படி வேண்டிக்கொண்டிருந்தால் இன்னும் தெளிந்திருப்பேன் என்ற நினைவு அவரை விட்டு அகலவில்லை. அப்பெண்ணின் பெயரை அவருடைய நாட்குறிப்பு கூறவில்லை.

அவரைத் தடுமாறச் செய்த அந்த மூன்று காரணங்களையும் பாருங்கள். வாங்கும் சம்பளத்துக்கு உண்மையாயிருத்தல் நற்குணம். மேலோருக்குக் கீழ்ப்படிதல் நற்குணம். முதியோரை மதித்தல் நற்குணம். மூன்று நற்குணங்களும் ஒன்றுகூடி ஒரு பெண்ணை விற்றன! தீமை எப்போதும் தீமையின் கோலத்திலேயே வருமென்று எதிர்பார்ப்பவன் ஏமாந்துபோவான். அது பெரும்பாலும் கடமையின் உடையிலும், மரியாதையின் உடையிலும், நம் சபைப் பெரியவரின் முகத்தோடும் வருகிறது. அவற்றிற்கிடையே உண்மையைத் தேர்ந்தெடுக்க ஒரே வழி, அந்த அறையில் பேச வாயில்லாமல் நிற்பவர் எவரோ அவருடைய இடத்திலிருந்து காரியத்தைப் பார்ப்பது. வுல்மனுடைய உள்ளம் உறுத்தியது அந்தப் பெண்ணின் இடத்திலிருந்து; அவரைச் சமாதானப்படுத்திய காரணங்கள் மூன்றும் மேசையைச் சுற்றியிருந்த ஆண்களின் இடத்திலிருந்து.

ஒருமுறை தவறிய கை பிறகு தவறவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் அடிபட்டு நோயுற்ற அயலார் ஒருவர், அக்கால வழக்கப்படி இரத்தம் வாங்கிச் சிகிச்சை செய்யவும், தம் உயிலை எழுதவும் இவரை அழைத்தார். எந்தப் பிள்ளைக்கு எது என்று சொல்லிவருகையில், இளம் அடிமைப் பெண்ணொருத்தியும் அச்சொத்தில் ஒரு பங்காகக் குறிக்கப்பட்டாள். வுல்மன் குறிப்புகளை வாங்கிக்கொண்டு போய், அந்த ஒரு பகுதி நீங்கலாக உயில் முழுவதையும் எழுதி, நோயாளியின் கட்டிலருகே கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். சகமனிதரை அடிமையாக்கும் எந்தப் பத்திரத்தையும் எழுதினால் என் மனத்துக்குச் சமாதானம் இராது. இதுவரை எழுதியதற்குக் கூலி ஒன்றும் வேண்டாம். மீதியை எழுதுவதிலிருந்து மாத்திரம் என்னை விடுவிக்கவேண்டும் என்று அன்போடு சொன்னார். இருவரும் நெடுநேரம் பேசினார்கள். முடிவில் அப்பெண்ணை விடுதலை செய்ய அவர் இசைந்தார். வுல்மன் உயிலை எழுதி முடித்தார். கடிந்துரையாமல், கூலியையும் கேளாமல், ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் எழுதாமல் நின்ற அந்த உறுதியிலே கிறிஸ்தவ அறத்தீர்ப்பின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன்.

3. வேதவசனம் இருபுறமும் பேசுமா?

ஆனால் அடிமைகளை வைத்திருந்தவர்களும் வேதாகமத்தை வாசித்தவர்களே என்னும் ஆட்சேபம் இவ்விடத்தில் எழும். அது நியாயமான ஆட்சேபம். 1757-இல் வுல்மன் தென் மாகாணங்களில் பிரயாணம் செய்தபோது, வர்ஜீனியாவில் ஒருவர், நீக்ரோக்கள் காயீனின் சந்ததியார் என்றும் அவர்களுடைய நிறம் காயீனுக்குக் கடவுள் இட்ட அடையாளம் என்றும் வாதித்தார். ஜலப்பிரளயத்துக்குத் தப்பியது நோவாவின் குடும்பம் ஒன்றே. நோவாவோ சேத்தின் வம்சத்தான். காயீனின் வம்சம் இன்று எப்படி இருக்கமுடியும் என்று வுல்மன் வினவினார். நோவாவின் குமாரனாகிய காமின்மேல் விழுந்ததாகச் சொல்லப்பட்ட சாபத்தைக் காட்டி வேறொருவர் வாதித்தார். தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் தீர்க்கதரிசியின் மூலம் கடவுள் அறிவித்திருப்பதையே வுல்மன் அதற்கு விடையாக்கினார். இவற்றோடு, ஓடிப்போன அடிமையாகிய ஒநேசிமுவைப் பவுல் அப்போஸ்தலர் பிலேமோனிடம் திருப்பியனுப்பியதையும் அடிமைமுறைக்கு ஆதாரமாக அக்காலத்தில் பலர் எடுத்துக்காட்டி வந்தார்கள். அவனை இனி அடிமையாக அன்றிப் பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி பவுல் வேண்டியிருப்பதை அவர்கள் ஊன்றி வாசித்ததில்லை.

இந்த வாதப் பிரதிவாதங்களிலிருந்து நாம் கற்கவேண்டியது, வேதம் தெளிவற்றது என்பதன்று. வசனத்தைத் தேடிப் போகுமுன்பே முடிவைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவனுக்கு எந்த நூலும் கண்ணாடியாகிவிடும். அதில் அவன் தன் முகத்தையே காண்பான். சாபத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு அச்சாபத்தினால் புகையிலைத் தோட்டங்களில் கூலியில்லாத உழைப்பு கிடைத்தது என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், அவர்களுடைய வியாக்கியானத்தின் வேர் எங்கே இருந்தது என்பது விளங்கும். எனவே கிறிஸ்தவன் வேதத்தை வாசிக்கும்போது இரண்டு நியமங்களைக் கைக்கொள்ளவேண்டும். முதலாவது, தனி வசனத்தை முழு வேதத்தின் வெளிச்சத்தில் வாசிப்பது. எகிப்தில் செங்கல் சுமந்த அடிமைகளின் கூக்குரலைக் கேட்டு இறங்கிவந்த கடவுளில் தொடங்கி, அடிமையின் கோலமெடுத்துச் சிலுவையில் மரித்த கிறிஸ்துவில் நிறைவுறும் அந்தப் பெரும் ஓட்டத்துக்கு மாறாக எந்த ஒரு வசனத்தையும் நிறுத்துதல் ஆகாது. இரண்டாவது, நமக்கு இலாபம் தருகிற வியாக்கியானத்தை, நமக்கு நஷ்டம் தருகிற வியாக்கியானத்தைக் காட்டிலும் இருமடங்கு சந்தேகத்தோடு பரிசோதிப்பது. இவ்விரண்டாம் நியமத்தைக் கைக்கொண்டிருந்தாலே திருச்சபைச் சரித்திரத்தின் பல கறைகள் நேர்ந்திரா.

4. பார்வையைப் பேணுவதற்குக் கொடுத்த விலை

சுயலாபம் கண்ணை மறைக்குமென்பது உண்மையானால், கண்ணைக் காக்க விரும்புகிறவன் முதலில் தன் இலாபங்களைப் பரிசோதிக்கவேண்டும். வுல்மன் இதைச் செய்தார். அவருடைய சொந்தக் கடையில் வியாபாரம் பெருகியது, மற்றவர் மகிழ்ந்திருப்பார்கள், அவரோ, பெருவியாபாரத்தின் சிக்கல்கள் தம் மனத்தின் தெளிவைக் கெடுக்கும் என்றுணர்ந்து, வாடிக்கைக்காரர்களை வேறு கடைகளுக்குப் போகச் சொல்லி, வியாபாரத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்து, தையல் வேலையோடும் சிறு பழத்தோட்டத்தோடும் நின்றுகொண்டார். தென் மாகாணங்களில் அடிமைகளை உடைய வீடுகளில் விருந்தினராகத் தங்கநேர்ந்தபோது, இந்த உபசாரம் கூலிபெறாதவர்களுடைய உழைப்பில் விளைந்தது, இதை இலவசமாக ஏற்பதும் அந்த அநீதியில் பங்கெடுப்பதே என்று கருதி, சிறு வெள்ளி நாணயங்களை எடுத்துச் சென்று, வேலை செய்த அடிமைகளுக்குச் சேரும்படி கொடுத்துவந்தார். அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையைத் தவிர்த்தார். சாயமிட்ட துணிகளை விட்டார். சாயமிடாத வெளிறிய உடையும் தொப்பியுமாக அவர் கூட்டங்களுக்கு வந்தபோது, அவரை நேசித்தவர்களே இது என்ன விசித்திரம் என்று கூசினார்கள். 1766-இல் மேரிலாந்துப் பகுதிகளுக்குக் குதிரையை விட்டுக் கால்நடையாகச் சென்றார். நடந்துழைக்கும் அடிமைகளின் நிலையை உடம்பாலும் உணரவேண்டும் என்பதே அவர் நோக்கம்.

இவற்றை ஆசாரமென்றோ, உடலை ஒறுக்கும் தவமென்றோ நாம் கொள்ளலாகாது. இவை யாவும் பார்வையைத் துலக்கும் சாதனங்கள். சர்க்கரையை விட்டவனுக்குச் சர்க்கரைத் தோட்டத்தின் அநீதி தெரியும். தினந்தோறும் தேநீரில் அதைக் கலந்து பருகுகிறவனுக்கு அதைக் காணாதிருக்க ஆயிரம் காரணங்கள் அகப்படும். மேலும், பிறரிடம் ஒரு தியாகத்தைக் கேட்பதற்குமுன் தம்மிடமே அதைக் கேட்டுப் பெற்றுக்கொண்டவர் என்பதனாலேயே, அடிமைகளை உடையவர்கள் அவரைத் தங்கள் வீட்டுக்குள் அனுமதித்து, அவர் சொற்களைக் கேட்கச் சம்மதித்தார்கள்.

5. தனிமனிதனும் சபையும்

மனச்சாட்சியே போதுமென்றால் சபை எதற்கு, சபையே போதுமென்றால் மனச்சாட்சி எதற்கு என்று கேட்போர் உளர். நண்பர் சபையின் சரித்திரம் இரண்டுக்கும் விடையளிக்கிறது. 1688-இலேயே பிலடெல்பியாவுக்கு அருகில் ஜெர்மன்டவுனில் நால்வர் கையெழுத்திட்டு அடிமைமுறைக்கு எதிராக ஒரு விண்ணப்பத்தைத் தம் சபைக்கு அளித்தனர். மாதக் கூட்டம் அதைக் காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. காலாண்டுக் கூட்டம் ஆண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. ஆண்டுக் கூட்டம் அதை ஒதுக்கிவைத்துவிட்டது. 1738-இல் பெஞ்சமின் லே என்னும் குறுகிய உருவமுடைய ஆவேசக்காரர், உள்ளே குடையப்பட்ட ஒரு புத்தகத்தில் சிவந்த பழச்சாறு நிறைந்த பையை மறைத்துவைத்து, ஆண்டுக் கூட்டத்தின் நடுவில் வாளால் அதைக் குத்தி, அடிமைகளின் இரத்தம் இப்படித்தான் உங்கள்மேல் தெறிக்கிறது என்று காட்டினார். சபை அவரை விலக்கியது. அவர் கண்டது சத்தியமே. ஆயினும் சபை தன் நல்ல பெயரைக் காத்துக்கொள்வதில் முனைந்திருந்தது; சுயநீதி தனி மனிதனுக்கு மட்டுமன்றிச் சங்கங்களுக்கும் உண்டு.

1758-இல் கூடிய பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தில், இக்காரியத்தை இன்னும் சிலகாலம் தள்ளிவைக்கலாம், கர்த்தர் தாமே வழி திறப்பார் என்று பலர் சொல்லிக்கொண்டிருக்கையில், நெடுநேரம் மௌனமாயிருந்த வுல்மன் எழுந்தார். ஒடுக்கப்பட்டவர்களின் கூக்குரல் கடவுளின் சந்நிதியை எட்டிவிட்டது. நம் கடமை இன்னதென்று அவர் தெளிவாய்க் காட்டியபிறகும், சிலருடைய சொந்த இலாபத்தையோ நட்பையோ கருதித் தாமதிப்போமானால், அவர் பயங்கரமான நீதியின் வழியாக நமக்கு விடையளிக்கக்கூடும் என்னும் கருத்துப்படப் பேசினார். கூட்டத்தின் நோக்கு மாறியது. அடிமைகளை வாங்குவோரும் விற்போரும் சபையின் காரியக் கூட்டங்களில் அமரலாகாது என்று தீர்மானமாயிற்று. அடிமைகளை உடைய அங்கத்தினர்களை வீடுதோறும் சென்று கண்டு பேச வுல்மன் உள்ளிட்ட சிலர் நியமிக்கப்பட்டனர். அவ்வீடுகளில் அவர் குற்றஞ்சாட்டுபவராக அன்றி, கண்ணீரோடு மன்றாடுபவராக நடந்துகொண்டார். 1772-இல் இங்கிலாந்து சென்றவர், அஞ்சல் வண்டிகளில் குதிரைகளும் சிறுவரும் படும் பாட்டைக் கேட்டு அவற்றில் ஏறாமல் நடந்தே பிரயாணம் செய்து, யார்க் நகரில் பெரியம்மை கண்டு, அக்டோபர் 7-ஆம் நாள் காலமானார். 1776-இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அங்கத்தினர் எவரும் அடிமைகளை வைத்திருக்கலாகாதென்று முடிவாகத் தடைசெய்தது. ஜெர்மன்டவுன் விண்ணப்பத்துக்கு விடைகிடைக்க 88 ஆண்டுகள் சென்றன.

தனிமனிதனுடைய உறுத்தல் இல்லாவிட்டால் சபை உறங்கியே இருந்திருக்கும்; சபை இல்லாவிட்டால் அந்த உறுத்தல் ஒரு மனிதனுடைய விசித்திரப் பழக்கமாகவே அவனோடு மறைந்திருக்கும். மனச்சாட்சியைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டிலேயே நுணுகி ஆராய்ந்த தாமஸ் அக்குவினாஸ், பிழைபட்ட மனச்சாட்சியும் மனிதனைக் கட்டுப்படுத்தும் என்று ஒப்புக்கொண்டார். ஆனால், அறிந்திருக்கவேண்டியதைத் தன் அசட்டையினால் அறியாமலிருந்தவன் அப்பிழையைக் காட்டித் தப்பமுடியாது என்றும் தெளிவுபடுத்தினார். என் மனச்சாட்சிக்கு இது சரியென்று படுகிறது என்று சொல்லுவது விசாரணையின் முடிவாகாது. அந்த மனச்சாட்சியை யாருடைய குரல்களைக் கேட்டு வளர்த்தாய் என்பதே அடுத்த வினா. கொரிந்து சபையில் விக்கிரகங்களுக்குப் படைத்த மாமிசத்தைப் பற்றிய தகராறு எழுந்தபோது பவுல் காட்டிய வழியும் இதுவே. விக்கிரகம் ஒன்றுமில்லை என்னும் அறிவில் தமக்குச் சந்தேகமில்லை என்றாலும், தம் போஜனம் பலவீனமான ஒரு சகோதரனை இடறச் செய்யுமாயின், என்றென்றைக்கும் மாமிசம் உண்பதில்லை என்று அவர் துணிந்தார். அறிவைக் கொண்டு உரிமையை நிலைநாட்டலாம்; அன்பைக் கொண்டே அவ்வுரிமையை எப்போது விடவேண்டும் என்பதை அறியலாம்.

6. நம்முடைய மண்ணில்

கடல்கடந்த ஒரு நாட்டின் பாவத்தைப் பற்றிப் பேசிவிட்டு, நம் கையைச் சுத்தமென்று எண்ணிக்கொண்டு கலைந்து போவோமானால், நாத்தானின் வழக்கைக் கேட்ட தாவீதைப் போலவே ஆவோம். தமிழ்த் திருச்சபை தன் பிறப்பிலிருந்தே சாதி என்னும் கேள்வியைச் சுமந்து வந்திருக்கிறது. ஒரே கோவிலில் தனித்தனி இருக்கைகளும், ஒரே பாத்திரத்தில் பருகத் தயக்கமும், தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களும் இருந்தன. சில ஊர்களில் இன்றும் உள்ளன. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமைகள் உடனடியாகவும் முற்றாகவும் ஒழிக்கப்படவேண்டுமென்று தென்னாட்டுச் சபைகளுக்குக் கடிதம் விடுத்தார். சென்னையிலும் தஞ்சாவூரிலும் பெருங்கலகம் எழுந்தது. பலர் சபையை விட்டு விலகினர். பக்திக் கீர்த்தனைகளால் தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு நாவளித்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கங்களுக்கு ஆதரவாக வாதாடினார். அப்பெரியாரின் பக்தியை நான் ஐயுறேன்; ஐயுறாத காரணத்தினாலேயே அஞ்சுகிறேன். உருகிப் பாடும் பக்தியும் ஒரு மனிதனுடைய கண்ணைத் திறக்கப் போதாமற்போகும் என்பதற்கு அதைவிடத் துயரமான சான்று வேண்டுமோ?

பேராயரின் கடிதம் சொன்ன நீதி சரியானது. ஆனால் அது ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவரிடமிருந்து வந்த ஆணை. ஆணையிட்டவருக்கு அதனால் இழப்பொன்றும் இல்லை. கேட்டவர்கள், தங்கள் கண்ணைத் தாங்களே திறந்துகொள்ளுமாறு, பாயில் உடனமர்ந்து யாரும் அவர்களோடு மன்றாடவில்லை. ஆணை பதிவேட்டில் நின்றது. சாதி வீடுகளில் நின்றது. திருமணச் சம்பந்தம் பேசும் வேளையில் நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் ஞானஸ்நானம் பின்கட்டுக்குப் போய்ச் சாதி முன்கட்டுக்கு வருவதை இந்த அவையில் அறியாதவர் இல்லை. இக்காரியத்தில் நமக்கு வேண்டுவது புதிய சுற்றறிக்கையன்று. சாதியினால் தமக்கு வரும் மதிப்பைத் தாமே முதலில் துறந்து, அதன்பின் அயலாரின் திண்ணையிலே போய் அமரத் துணிந்த மனிதர்களே வேண்டும்.

7. விசுவாசம் சேர்ப்பது யாது?

கிறிஸ்தவர் அல்லாதாரும் நன்மை தீமையை அறிந்திருக்கிறார்களே, அப்படியானால் விசுவாசம் புதிதாகக் கொடுப்பது யாது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயப்பிரமாணத்தைப் பெறாத மக்களுடைய இருதயத்திலும் அதன் கருமம் எழுதப்பட்டிருப்பதாகப் பவுலே ஒப்புக்கொள்கிறார். ஆகவே அறத்தை நாங்கள் குத்தகைக்கு எடுத்திருப்பதாக ஒரு கிறிஸ்தவன் பேசுவானாயின், அவன் தன் வேதத்தையே மறுத்தவனாவான். விசுவாசம் புதிய படிக்கற்களைத் தருவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். முள்ளைச் சாய்க்கும் சுயத்தின்மேல் அது கைவைக்கிறது என்பதே என் விடை.

எரிகோவில் சகேயு என்பவன் ஆயக்காரருக்குத் தலைவன், ஐசுவரியவான், ஊராரால் பாவியென்று தள்ளப்பட்டவன். அவன் வாங்கியது அநியாய வரி என்பதை ஊரார் அவனுக்கு எத்தனையோ முறை சொல்லியிருப்பார்கள், அவன் கேட்டதில்லை. இயேசு அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அத்திமரத்தில் ஏறியிருந்தவனைப் பெயர்சொல்லி அழைத்து, இன்று உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார். அதன்பிறகே, எவரும் கேளாமல், அவன் எழுந்து நின்று, என் ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்புகிறேன் என்கிறான். ஏற்றுக்கொள்ளப்படுதல் முன்னே வந்தது. குற்றத்தைக் காணும் கண் பின்னே திறந்தது. தள்ளப்படுவோம் என்று அஞ்சுகிறவரையில் மனிதன் தன் குற்றத்தை மறைப்பான். முதலில் பிறரிடமிருந்து மறைப்பான், நாளடைவில் தன்னிடமிருந்தே மறைத்துவிடுவான். மன்னிப்பு உண்டென்று நிச்சயமாய் நம்புகிறவனுக்கு அந்த மறைப்பு வேண்டியதில்லை. நான் நல்லவன் என்று நிரூபிக்கும் பெரும்பாரம் அவன் தோளிலிருந்து இறங்கிவிட்டபடியால், உண்மையை நேருக்கு நேர் பார்க்க அவனுக்குத் துணிவு உண்டாகிறது. சுயநீதியை உடைப்பது கிருபை. சுயலாபத்தை உடைப்பது அன்பு. இவ்விரண்டையும் மனிதனுக்குள் உண்டாக்குவதே கிறிஸ்தவ விசுவாசம் அறத்துக்குச் செய்யும் தொண்டு என்று நான் திடமாய் நம்புகிறேன்.

மாணவ நண்பர்களே, உங்களிற் சிலர் நாளை நியாயாதிபதிகளாவீர்கள். பலர் அலுவலகங்களிலும் கடைகளிலும் பள்ளிகளிலும் வேலை பார்ப்பீர்கள். கோப்புகளில் கையெழுத்திடவும், கணக்குகளை ஒப்புக்கொள்ளவும், மேலதிகாரி சொன்னதை எழுதவும் நேரும். பெரிய தீமைகளை எதிர்க்கும் சந்தர்ப்பம் ஒரு சிலருக்கே வாய்க்கும். சிறிய தாளில் ஒரு வரியை எழுதாதிருக்கும் சந்தர்ப்பம் அனைவருக்கும் வாய்க்கும். அப்போது இத்தீர்ப்பினால் எனக்கு இலாபம் என்ன, இதனால் பாரம் சுமக்கப்போகிறவர் யார், அவர் இந்த அறையில் இருந்தால் அவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லுவேனா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். தனியே விடை தெரியாவிட்டால், உங்களைப் புகழாத ஒரு நண்பரிடம் போய்க் கேளுங்கள். தவறிவிட்டால் அதை ஒப்புக்கொண்டு, அடுத்த முறை தவறாதிருங்கள். நன்மை தீமையைப் பகுத்தறியும் ஞானேந்திரியம் பயிற்சியினாலே கூர்மையடைவது என்று எபிரெயருக்கு எழுதிய நிருபம் போதிக்கிறது. பயிற்சியென்பது ஒருநாளில் முடிவதன்று, பிறர் நமக்காகச் செய்து தரக்கூடியதும் அன்று. அதை இன்றே தொடங்கும்படி உங்களை வேண்டிக்கொள்ளுகிறேன்.